பேரேரிகளில் காற்றுவழி மாசுப் படிவு

காற்றுவழி மாசுப் படிவு என்பது காற்றில் மிதக்கும் தூசி, புகைக்கரி, உலோகத் துகள்கள், வேதிப்பொருள்களின் ஆவி ஆகியவை நிலத்தின் மீதோ நீரின் மீதோ வந்து சேரும் நிகழ்வாகும். இது வளிமண்டலப் படிவு என்றும் அழைக்கப்படுகிறது. ஓர் ஏரி மாசடைந்துள்ளது என்றால் கழிவுநீர்க் குழாய்களும், ஆலைகளும், அதில் வந்து கலக்கும் ஆறுகளுமே முதலில் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மிகப் பெரிய ஏரிகளில் சில நச்சுப்பொருள்களின் பெரும்பங்கு காற்றிலிருந்தே வந்து சேர்கிறது. வட அமெரிக்காவின் பேரேரிகள் இதற்கு நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டாகும். ஒரு பெரிய ஏரிக்கு மழைநீரைக் கொண்டுவரும் நீர்ப்பிடிப்பு நிலம் இருப்பதைப் போலவே, மாசைக் கொண்டுவரும் காற்றுப்பரப்பும் உண்டு என்பதை இந்த ஏரிகளின் வரலாறு காட்டுகிறது.

பேரேரிகளின் அமைப்பு

சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், ஈரி, ஒன்டாரியோ ஆகிய ஐந்தும் பேரேரிகள் எனப்படுகின்றன. இவற்றுள் மிச்சிகன் ஏரி முழுவதும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குள் உள்ளது. மற்ற நான்கும் அந்நாட்டுக்கும் கனடாவுக்கும் பொதுவானவை. ஐந்து ஏரிகளின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 2,44,000 சதுர கிலோமீட்டர். உலகின் மேற்பரப்பு நன்னீரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இவற்றில் உள்ளது.

காற்றுவழி மாசு இவற்றைப் பெரிதும் பாதிப்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, நீர்ப்பரப்பின் விரிவு. சுப்பீரியர் ஏரியின் பரப்பு சுமார் 82,100 சதுர கிலோமீட்டர். அதற்கு நீர் தரும் நிலத்தின் பரப்பு சுமார் 1,27,700 சதுர கிலோமீட்டர் மட்டுமே. இரண்டையும் கூட்டிப் பார்த்தால், மொத்தப் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு ஏரியே ஆகும். ஆகவே அப்பகுதியில் பெய்யும் மழையிலும் பனியிலும் கணிசமான பகுதி, மண்ணைத் தொடாமல் நேரே ஏரியில் விழுகிறது. மழை மண்ணில் விழுந்திருந்தால் அதிலுள்ள மாசின் ஒரு பகுதியை மண்ணும் இலைச்சருகும் பிடித்து வைத்திருக்கும். நேரே விழும் மழைக்கு அத்தகைய வடிகட்டி இல்லை.

இரண்டாவது காரணம், நீர் தங்கும் காலம். ஏரியின் மொத்தக் கொள்ளளவை ஓர் ஆண்டில் வெளியேறும் நீரின் அளவால் வகுத்தால் கிடைப்பது நீரின் தங்கல் காலமாகும். பேரேரிகளில் இது பின்வருமாறு கணக்கிடப்பட்டுள்ளது:

சுப்பீரியர்: 191 ஆண்டுகள்
மிச்சிகன்: 99 ஆண்டுகள்
ஹியூரான்: 22 ஆண்டுகள்
ஒன்டாரியோ: 6 ஆண்டுகள்
ஈரி: 2.6 ஆண்டுகள்

ஈரி ஏரியில் சேரும் மாசு சில ஆண்டுகளில் அடித்துச் செல்லப்படலாம். சுப்பீரியர் ஏரியில் சேர்வது பல தலைமுறைகளுக்குத் தங்கிவிடும்.

சிறிதளவு படிவும் இத்தகைய ஏரியில் எவ்வளவாகத் திரளும் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஒரு சதுர மீட்டர் நீரின் மீது நாளொன்றுக்கு ஒரு மைக்ரோகிராம் மாசு, அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, விழுவதாகக் கொள்வோம். சுப்பீரியர் ஏரியின் பரப்பு 8,210 கோடி சதுர மீட்டர். எனவே நாளொன்றுக்கு ஏரியில் சேர்வது சுமார் 82 கிலோகிராம். ஓர் ஆண்டில் ஏறத்தாழ 30 டன்.

சிஸ்கிவிட் ஏரி தந்த சான்று

மாசு காற்றுவழியே வந்தது என்பதை எப்படி உறுதி செய்வது? ஏரிக்குள் ஆறுகளும் கழிவுநீரும் கலக்கும்போது எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிவது கடினம். இதற்கான தெளிவான விடை சுப்பீரியர் ஏரியின் நடுவிலுள்ள ஒரு தீவில் கிடைத்தது.

ஐல் ராயல் என்னும் அத்தீவு கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. 1940 முதல் அது தேசியப் பூங்காவாக உள்ளது. அங்கே தொழிற்சாலைகளோ விளைநிலங்களோ இல்லை. தீவின் உள்ளே சிஸ்கிவிட் என்னும் ஏரி உள்ளது. அதன் நீர்மட்டம் சுப்பீரியர் ஏரியின் மட்டத்தைவிடச் சுமார் 17 மீட்டர் உயரமானது. எனவே சிஸ்கிவிட்டிலிருந்து சுப்பீரியருக்கு நீர் வழியலாம். சுப்பீரியரிலிருந்து சிஸ்கிவிட்டுக்கு ஏற முடியாது. அந்தச் சிறிய ஏரியில் தொழில்துறை வேதிப்பொருள் காணப்பட்டால், அது வருவதற்குக் காற்றைத் தவிர வேறு வழி இல்லை.

1978இல் வேலண்ட் சுவெயின் என்னும் ஆய்வாளர் இத்தீவுப் பகுதியின் மீன்களிலும் நீரிலும் மழையிலும் குளோரின் கலந்த கரிமச் சேர்மங்கள் இருப்பதை வெளியிட்டார். சிஸ்கிவிட் ஏரியின் மீன்களில் பிசிபி காணப்பட்டது. பிசிபி என்பது பாலிகுளோரினேற்ற பைஃபீனைல்களின் சுருக்கப்பெயர். மின்மாற்றிகளிலும் மின்தேக்கிகளிலும் காப்பு எண்ணெயாகப் பயன்பட்ட இப்பொருள் இயற்கையில் உருவாவதில்லை.

1984இல் ரொனால்ட் ஹைட்ஸ் குழுவினர் இதே ஏரியின் அடிவண்டலை ஆராய்ந்து டையாக்சின்களும் ஃபியூரான்களும் இருப்பதைக் கண்டனர். வண்டலின் ஆழமான, பழைய அடுக்குகளில் இவை மிகக் குறைவாகவே இருந்தன. ஏறத்தாழ 1940ஐ ஒட்டிய அடுக்கிலிருந்து கூடத் தொடங்கின. நிலக்கரி அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே எரிக்கப்பட்டு வந்தது. எனவே நிலக்கரிப் புகை முதன்மைக் காரணமாக இருக்க முடியாது. குளோரின் கலந்த வேதிப்பொருள்களும் நெகிழிகளும் பெருகி, அவற்றின் கழிவுகள் எரிக்கப்படத் தொடங்கிய காலத்தோடுதான் இந்த உயர்வு ஒத்துப்போனது.

சுப்பீரியர் ஏரிக்கு வந்து சேர்ந்த பிசிபியில் ஏறத்தாழ 90 விழுக்காடு காற்றுவழி வந்தது என 1980களின் கணக்கீடுகள் காட்டின. ஈரி, ஒன்டாரியோ ஏரிகளில் இப்பங்கு மிகக் குறைவு. தொழில்நகரங்களைத் தொட்டு வரும் டெட்ராய்ட், நயாகரா ஆறுகள் வழியாகவே அவற்றுக்கு மாசின் பெரும்பகுதி வந்தது.

துகள்களின் அளவும் விழும் வேகமும்

காற்றிலுள்ள துகள் எவ்வளவு தொலைவு செல்லும், எங்கே விழும் என்பதை முதன்மையாக அதன் அளவே முடிவு செய்கிறது. துகள்கள் மைக்ரோமீட்டரில் அளக்கப்படுகின்றன. ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அசைவற்ற காற்றில், நீரின் அடர்த்தி கொண்ட 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துகள் நொடிக்குச் சுமார் 0.3 சென்டிமீட்டர் வேகத்தில் விழும். இது நாளொன்றுக்கு 260 மீட்டருக்குச் சமம். ஒரு மைக்ரோமீட்டர் துகள் நாளொன்றுக்குச் சுமார் 3 மீட்டர் மட்டுமே இறங்கும். 0.1 மைக்ரோமீட்டர் துகள் ஒரு நாளில் பத்து சென்டிமீட்டர்கூட இறங்காது. உண்மையில் காற்று ஒருபோதும் அசைவற்று இருப்பதில்லை என்பதால், நுண்துகள்கள் எடையால் மட்டும் தரையை அடைவது அரிது. அவை பல நாள்கள் மிதந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்கின்றன.

பருந்துகள்கள் பெரும்பாலும் உடைத்தல், அரைத்தல், சாலைத் தூசி, உழவு போன்றவற்றால் உருவாகின்றன. நுண்துகள்கள் எரிதலிலிருந்தும், கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு போன்ற வாயுக்கள் காற்றிலேயே வேதிமாற்றம் அடைவதிலிருந்தும் தோன்றுகின்றன. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் உயர் வெப்பத்தில் ஆவியாகிப் பின் குளிரும்போது நுண்துகள்களின் மேல் படிகின்றன.

உலர் படிவு

மழையோ பனியோ இல்லாத நேரத்தில் துகள்கள் நீரை அடைவது உலர் படிவு எனப்படுகிறது. இது மூன்று கட்டங்களாக நிகழ்கிறது.

முதல் கட்டத்தில், காற்றின் சுழல்கள் துகள்களை மேலிருந்து நீர்மட்டத்தின் அருகே கொண்டுவருகின்றன. இரண்டாம் கட்டத்தில், நீரை ஒட்டிய மிக மெல்லிய அமைதியான காற்றடுக்கைத் துகள் கடக்க வேண்டும். இதன் தடிமன் ஒரு மில்லிமீட்டர் அளவிலானது. பருந்துகள் தன் எடையாலும் வேகத்தாலும் இதை எளிதில் கடந்துவிடும். மிக நுண்ணிய துகள், வாயு மூலக்கூறுகளின் மோதலால் இங்குமங்கும் தள்ளப்பட்டு, அதாவது பிரௌனியன் இயக்கத்தால், கடந்துவிடும். இடைப்பட்ட 0.1 முதல் 1 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகளுக்கு எடையும் போதாது, பிரௌனியன் இயக்கமும் போதாது. எனவே உலர் படிவில் மிக மெதுவாக விழுவது இந்த இடைப்பட்ட அளவே. மூன்றாம் கட்டத்தில் துகள் நீரைத் தொட்டு ஒட்டிக்கொள்கிறது. நிலத்தில் விழுந்த தூசியைக் காற்று மீண்டும் கிளப்பலாம். நீரில் விழுந்த துகளோ பெரும்பாலும் திரும்புவதில்லை.

ஏரிக்கே உரிய இரண்டு நிலைமைகள் இந்நிகழ்வை மாற்றுகின்றன. நீர்மட்டத்தின் அருகே காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ நிறைவுற்றிருக்கும். சல்பேட் போன்ற ஈரம் உறிஞ்சும் துகள்கள் அங்கே நீரை ஈர்த்துப் பெருக்கின்றன. அதனால் விரைவாக விழுகின்றன. மற்றொன்று வெப்பநிலை வேறுபாடு. வசந்த காலத்திலும் கோடையின் தொடக்கத்திலும் ஏரி நீர் குளிர்ந்தும் அதன் மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். கீழே கனமான குளிர்காற்றும் மேலே இலேசான சூடான காற்றும் அமைவதால் சுழல்கள் அடங்குகின்றன. உலர் படிவு குறைந்து, புகைத்திரள் ஏரியின் மேல் தொலைவுக்குச் செல்கிறது. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நிலை தலைகீழாகிறது. நீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் சுழல்கள் வலுத்துப் படிவு கூடுகிறது.

மிச்சிகன் ஏரியின் தென்பகுதியில் நகரத்தின் தாக்கம் தெளிவாகத் தெரிகிறது. அங்கே சிக்காகோ மாநகரும், இந்தியானா மாநிலத்தின் கேரி நகரை ஒட்டிய எஃகுத் தொழில் பகுதியும் உள்ளன. அங்கு நடந்த அளவீடுகள், உலர் படிவாக விழும் உலோகங்களின் எடையில் பெரும்பங்கு பருந்துகள்களுடையது எனக் காட்டின. எண்ணிக்கையில் குறைவானாலும் அவை கனமாகவும் விரைவாகவும் விழுவதே காரணம். ஆகவே கரையோர நகரங்கள் அருகிலுள்ள நீரைப் பருந்துகள்களாலும், தொலைவிலுள்ள நீரை நுண்துகள்களாலும் பாதிக்கின்றன.

ஈரப் படிவு

மழை, பனி, மூடுபனி ஆகியவற்றோடு மாசு இறங்குவது ஈரப் படிவு ஆகும். இது இரண்டு இடங்களில் நிகழ்கிறது. மேகத்துக்குள் நீராவி குளிர்ந்து துளியாக மாறுவதற்கு ஒரு கரு தேவை. நுண்துகள்களே அக்கருவாக அமைகின்றன. அதாவது பல மழைத்துளிகளின் உள்ளே தொடக்கத்திலேயே ஒரு துகள் இருக்கிறது. மேகத்துக்குக் கீழே, விழும் துளி தன் வழியிலுள்ள துகள்களை மோதிச் சேர்த்துக்கொள்கிறது.

உலர் படிவுக்குத் தப்பிய இடைப்பட்ட அளவுத் துகள்களை விழும் மழைத்துளியும் எளிதில் பிடிப்பதில்லை. துளியைச் சுற்றி வழுக்கும் காற்றோடு அவையும் விலகிவிடுகின்றன. ஆனால் மேகத்துக்குள் துளியின் கருவாக அமைவதில் அவையே சிறந்தவை. தொலைவிலிருந்து வரும் நுண்துகள்களுக்கு மழையே முதன்மையான இறங்குவழியாக இருப்பது இதனால்தான்.

பனித்திவலைகளுக்குப் பரப்பு மிகுதி என்பதால் அவை துகள்களை நன்கு பற்றுகின்றன. ஏரியின் உறைந்த பகுதிகளில் விழும் பனி, குளிர்காலம் முழுவதும் மாசைத் தேக்கி வைத்து, வசந்தத்தில் உருகும்போது குறுகிய காலத்தில் நீரில் விடுகிறது.

வாயுவாகச் சேர்வதும் திரும்புவதும்

பிசிபி போன்ற சேர்மங்கள் ஓரளவு ஆவியாகக்கூடியவை. வெப்பமான நாளில் வாயுவாகவும், குளிரில் துகள்களின் மேல் ஒட்டியும் அவை பயணம் செய்கின்றன. வெப்பமான இடத்தில் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் படிந்து, மீண்டும் ஆவியாகி அவை படிப்படியாகக் குளிர்ந்த பகுதிகளை நோக்கி நகர்வதுண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தி வயல்களில் தெளிக்கப்பட்ட டாக்சஃபீன் என்னும் பூச்சிக்கொல்லி, சுப்பீரியர் ஏரியின் மீன்களில் காணப்பட்டது. அந்த ஏரியின் நீர் குளிர்ந்தது. வண்டல் படியும் வேகமும் குறைவு. எனவே டாக்சஃபீன் அங்கே நெடுங்காலம் நீடித்தது.

துகளுக்கும் வாயுவுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. துகள் ஒருவழிப் பயணி. வாயு இருவழிப் பயணி. காற்றில் செறிவு மிகும்போது வாயு நீரில் கரைகிறது. காற்று தூய்மையாகும்போது நீரிலிருந்து வெளியேறுகிறது. 1978 முதல் 1992 வரை சுப்பீரியர் ஏரி நீரில் பிசிபி வெகுவாகக் குறைந்ததற்கு, அது ஆவியாகிக் காற்றுக்குத் திரும்பியதே முதன்மைக் காரணம் என ஆய்வுகள் காட்டின. மாசைப் பெற்ற ஏரி பின்னர் தானே மாசின் மூலமாகவும் மாறியது.

ஏரிக்குள் நிகழ்வன

நீரில் சேர்ந்த மாசின் ஒரு பகுதி கரைகிறது. மற்றொரு பகுதி மிதவை உயிரிகளோடும் கரிமத் துணுக்குகளோடும் ஒட்டிக்கொண்டு மெல்லக் கீழே இறங்கி வண்டலாகிறது. புயலும் நீரோட்டமும் வண்டலைக் கலக்கும்போது அது மீண்டும் நீரில் கலக்கிறது.

மனிதருக்கு உண்மையான தீங்கு உணவுச் சங்கிலி வழியே வருகிறது. பேரேரி நீரில் கரைந்துள்ள பிசிபியின் அளவு மிகமிகக் குறைவு. ஆனால் பிசிபி கொழுப்பில் சேரும் தன்மை கொண்டது. உடலிலிருந்து எளிதில் வெளியேறுவதில்லை. மிதவைத் தாவரங்களை மிதவை விலங்குகளும், அவற்றைச் சிறு மீன்களும், சிறு மீன்களை ஏரி டிரவுட் போன்ற பெரிய மீன்களும் உண்ணும்போது ஒவ்வொரு படியிலும் செறிவு கூடுகிறது. இது உயிரியப் பெருக்கம் எனப்படும். பெரிய மீனின் உடலில் செறிவு நீரிலுள்ளதைப் போலப் பல லட்சம் மடங்காகிவிடுகிறது.

பாதரசத்தின் வழி சற்று வேறு. நிலக்கரி எரியும்போது வெளிவரும் பாதரசம் பெரும்பாலும் வாயுவாக உலகைச் சுற்றி வந்து, பின் ஆக்சிஜனேற்றம் அடைந்து மழையோடும் துகள்களோடும் இறங்குகிறது. நீரின் ஆக்சிஜன் குறைந்த பகுதிகளில் சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மீனின் தசையில் சேர்வது இவ்வடிவமே. இது வளரும் கருவின் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும். இதனால் பேரேரிகளைச் சுற்றியுள்ள அமெரிக்க மாநிலங்களும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணமும் எந்த மீனை, எந்த அளவில், எத்தனை முறை உண்ணலாம் என்று அறிவுரைகள் வெளியிடுகின்றன. கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கட்டுப்பாடு கூடுதல். மீன்பிடித்தலை உணவாகவும் மரபாகவும் கொண்ட ஒஜிப்வே போன்ற முதற்குடி மக்களுக்கு இது பெரிய இழப்பாகும். அவர்கள் வெளியிடாத மாசு அவர்களது உணவில் வந்து சேர்ந்துள்ளது.

வண்டல் என்னும் நாட்குறிப்பு

ஏரியின் அடியில் வண்டல் ஆண்டுதோறும் அடுக்கடுக்காகப் படிகிறது. சுப்பீரியர் ஏரியின் பல பகுதிகளில் இது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. குழாயைச் செலுத்தி வண்டலை உருளையாக எடுத்து, மெல்லிய துண்டுகளாக வெட்டி ஆராய்ந்தால் கடந்த காலக் காற்றின் நிலையை அறியலாம்.

ஒவ்வொரு துண்டின் வயதையும் கணக்கிட ஈயம்-210 பயன்படுகிறது. இதுவும் காற்றுவழிப் படிவே. மண்ணிலிருந்து வெளிவரும் ரேடான் வாயு காற்றில் சிதைந்து ஈயம்-210 ஆகிறது. அது நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டு ஏரியில் இறங்குகிறது. அதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 22 ஆண்டுகள். எனவே அது எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைக் கொண்டு அடுக்கின் வயதைக் கணிக்கலாம். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பரவிய சீசியம்-137 அளவு 1963ஐ ஒட்டி உச்சம் பெற்றது. இது கணக்கைச் சரிபார்க்க உதவுகிறது.

பேரேரி வண்டல்களில் தொழில்வளர்ச்சிக் காலத்தில் ஈயத்தின் அளவு உயர்ந்து, ஈயம் கலந்த பெட்ரோல் படிப்படியாக நிறுத்தப்பட்ட பின் குறைந்தது தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்காவில் சாலை வாகனங்களுக்கு அத்தகைய பெட்ரோல் 1996இல் முற்றிலும் தடை செய்யப்பட்டது.

கண்காணிப்பும் கட்டுப்பாடும்

அமெரிக்காவும் கனடாவும் 1972இல் பேரேரிகள் நீர்த்தர உடன்படிக்கையைச் செய்துகொண்டன. தொடக்கத்தில் அதன் கவனம் கழிவுநீரிலும் பாஸ்பரசிலும் இருந்தது. 1987இல் காற்றுவழி நச்சுப்பொருள்களுக்கெனத் தனிப் பின்னிணைப்பு சேர்க்கப்பட்டது. அதன்படி 1990இல் ஒருங்கிணைந்த வளிமண்டலப் படிவு வலையமைப்பு தொடங்கப்பட்டது. ஒவ்வொரு பேரேரியின் கரையிலும் ஒரு முதன்மை நிலையம் அமைக்கப்பட்டது. சுப்பீரியர் ஏரிக்கு ஈகிள் ஹார்பர், மிச்சிகன் ஏரிக்கு சிலீப்பிங் பேர் டியூன்ஸ் ஆகிய இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. வாயு, துகள், மழை ஆகிய மூன்றும் தனித்தனியே சேகரிக்கப்பட்டு ஆராயப்படுகின்றன. சிக்காகோவின் காற்றில் பிசிபி அளவு தொலைவிலுள்ள நிலையங்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு என இவ்வலையமைப்பு காட்டியது. பழைய கட்டடங்களிலும் மின்கருவிகளிலும் எஞ்சியுள்ள பிசிபி இன்றும் கசிந்து ஆவியாவதே இதற்குக் காரணம்.

காற்றுவழி மாசை ஏரியில் விழுந்த பின் அகற்ற இயலாது. பிறக்கும் இடத்திலேயே தடுக்க வேண்டும். அமெரிக்காவில் பிசிபி உற்பத்தி 1979இல் தடை செய்யப்பட்டது. டாக்சஃபீனின் பெரும்பாலான பயன்பாடுகள் 1982இல் நிறுத்தப்பட்டன. பிசிபி, டையாக்சின், டாக்சஃபீன் ஆகியவற்றை உள்ளடக்கிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்தது. பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது.

தடைகளுக்குப் பின் பேரேரி மீன்களில் பிசிபி அளவு பெரிதும் குறைந்துள்ளது. எனினும் உண்ணும் அளவுக்கான அறிவுரைகள் இன்னும் நீங்கவில்லை. தீப்பற்றலைத் தடுக்கச் சேர்க்கப்படும் புரோமின் சேர்மங்களும், பிஎஃப்ஏஎஸ் என்னும் எளிதில் சிதையாத புளோரின் சேர்மங்களும் இப்போது இப்பகுதியின் காற்றிலும் மழையிலும் அளக்கப்படுகின்றன. சுப்பீரியர் ஏரியின் தங்கல் காலத்தோடு ஒப்பிட்டால், பிசிபி தடை செய்யப்பட்டு அக்காலத்தில் நான்கில் ஒரு பங்குகூட இன்னும் முடியவில்லை.